கிராஜுவிட்டிக் கணக்கில் காணாமல் போகும் ஓர் ஆண்டு

வேலையை விட்டு விலகும்போது கம்பெனி தர வேண்டிய பணிக்கொடைதான் கிராஜுவிட்டி. ஏழு ஆண்டு எட்டு மாதம் வேலை பார்த்தவருக்கு எட்டு ஆண்டுக்கான கிராஜுவிட்டி சேர வேண்டும். ஆனால் ஏழு ஆண்டுக்கு மட்டும் கணக்குப் போட்டு செக்கை நீட்டுகிறவர்கள் நிறைய. கேட்டால் "சிஸ்டத்துல அப்படித்தான் வருது" என்பார்கள். சிஸ்டம் தானாக எதையும் முடிவு செய்வதில்லை. யாரோ எழுதி வைத்த ஃபார்முலாவைத்தான் அது ஓட்டுகிறது.

விதி சின்னதுதான். கடைசியாக வாங்கிய மாத அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்தால் ஓர் ஆண்டுக்கான தொகை வந்துவிடும். முழு ஆண்டுகள் போக மிச்சம் ஆறு மாதத்தைத் தாண்டினால் அதையும் ஓர் ஆண்டாகச் சேர்க்க வேண்டும். 1972ஆம் ஆண்டு பணிக்கொடைச் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ஆனால் புதிய தொகுப்பில், மற்றப் படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படியோடு கணக்கில் சேரும்.

தப்பு நடப்பது எக்செல்லில். சேர்ந்த தேதியையும் விலகிய தேதியையும் கழித்து 365ஆல் வகுத்தால் 7.67 என்று வரும். அதன் மேல் 'இன்ட்' போட்டால் புள்ளிக்குப் பின்னால் உள்ளதை வெட்டி எறிந்து 7 என்று காட்டும். 26,000 ரூபாய் சம்பளக்காரருக்கு ஆண்டுக்கு 15,000. எட்டு ஆண்டுக்கு 1,20,000 வர வேண்டிய இடத்தில் 1,05,000தான் வரும். இதோடு 26க்குப் பதில் 30ஆல் வகுக்கும் கம்பெனிகளும் உண்டு. அப்போது 91,000தான் கைக்கு வரும். பறிபோனது 29,000. 'இன்ட்'டுக்குப் பதில், அருகிலுள்ள முழு எண்ணாக்கும் 'ரவுண்ட்' போட்டால் பெரும்பாலும் சரியாக வரும். ஃபார்முலா எழுதுகிறவர்கள் ஆண்டையும் மாதத்தையும் தனித்தனியாக எடுத்து, மிச்சம் ஆறு மாதத்தைத் தாண்டுகிறதா என்று பார்ப்பதே நல்லது.

இன்னொரு பொறி, தகுதி. நிரந்தர ஊழியர் ராஜினாமா செய்தால் ஐந்து ஆண்டுத் தொடர் சேவை வேண்டும். ஆறு மாதத்தைத் தாண்டினால் ஓர் ஆண்டாகச் சேர்க்கும் கணக்கு இந்த ஐந்து ஆண்டுத் தகுதிக்குப் பொருந்தாது. "நாலரை வருஷம் தாண்டிவிட்டது, அஞ்சாகிவிடும்" என்று நம்பி நான்கு ஆண்டு ஏழு மாதத்தில் பேப்பர் போட்டு, ஒன்றும் கிடைக்காமல் நிற்பவர்கள் இருக்கிறார்கள். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை முடித்திருந்தால் மட்டும் வழி உண்டு. வாரத்துக்கு ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் இடமென்றால் 190 நாள். மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் 1998இல் சென்னை உயர்நீதிமன்றம் இதை ஏற்றிருக்கிறது. ஆனாலும் ஹெச்ஆரில் முதல் பதில் "முடியாது" என்றுதான் வரும். முடிந்தவரை ஐந்தை முடித்துவிட்டே விலகுங்கள். குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்குப் புதிய தொகுப்பில் ஓராண்டே போதும்.

பிஎஃப் பென்ஷனில் கதை தலைகீழ். அங்கே ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்தால் முழு ஆண்டு, தகுதிக்கும் அதே கணக்கு. ஒன்பதரை ஆண்டு சேவை பத்தாகிப் பென்ஷன் உரிமை வந்துவிடும். ஒரே ஊழியருக்கு இரண்டு விதமான கணக்கு. அதை விளக்கிச் சொல்ல எந்த அலுவலகத்திலும் ஆள் இல்லை. அதனால் ஒன்றுக்குச் சொன்னதை மற்றதற்கு எடுத்துக்கொண்டு ஏமாறாதீர்கள்.

விலகும்போது "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளை நீட்டுவார்கள். கணக்குத் தாளைப் பார்க்காமல் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். சேவை ஆண்டு எத்தனை, சம்பளமாக எதை எடுத்திருக்கிறார்கள், வகுத்தது 26ஆலா என்று இந்த மூன்றையும் பாருங்கள். தொகை சேர வேண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் கம்பெனி கொடுத்தாக வேண்டும். தாமதித்தால் வட்டியும் உண்டு. "அக்கவுண்ட்ஸ்ல கேளுங்க, ஹெட் ஆபீஸ்ல கேளுங்க" என்று அலையவிட்டால் வாய்ப்பேச்சை நிறுத்திவிட்டு எழுத்தில் கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், கடைசிச் சம்பளச் சீட்டு, ராஜினாமா ஏற்புக் கடிதம் ஆகியவற்றின் நகலோடு தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள். அங்கே வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.