ஹாலோவீன்: பெயரில் பேய் இல்லை

ஹாலோவீனைத் தமிழில் 'பேய்த் திருவிழா' என்று எழுதிவிடுகிறோம். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அதில் பேயே இல்லை, புனிதர்தான் இருக்கிறார். பழைய ஆங்கில வழக்கில் 'ஹாலோ' என்றால் புனிதர். "உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக" என்ற ஜெபத்தின் ஆங்கில வடிவில் 'பரிசுத்தப்படுவதாக' என்னும் இடத்தில் நிற்பதும் இதே வேர்தான். 'ஈன்' என்பது மாலையைக் குறிக்கும் 'ஈவன்' தேய்ந்து வந்த ஸ்காட்லாந்து வடிவம். நவம்பர் 1 புனிதர் அனைவர் பெருவிழா. அதற்கு முந்தைய மாலைதான், அதாவது அக்டோபர் 31தான், ஹாலோவீன்.

அப்படியானால் பேய் எங்கிருந்து வந்தது? அயர்லாந்திலிருந்து. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் அதே இரவு, அங்கே வாழ்ந்த பழைய கெல்ட் மக்களின் 'சவின்' என்ற பண்டிகை. ஐரிஷ் மொழியில் நவம்பர் மாதத்துக்கே இன்றும் அதுதான் பெயர். அன்றிரவு மறுவுலகின் கதவு திறக்கும், ஆவிகள் நடமாடும் என்று நம்பினார்கள். டர்னிப் கிழங்கைக் குடைந்து, கண்ணும் பல்லும் செதுக்கி, உள்ளே விளக்கு வைத்தார்கள். அயர்லாந்து அருங்காட்சியகத்தில் அப்படியொரு கிழங்கு முகத்தின் வார்ப்பு இருக்கிறது. சுருங்கிய தோலும் இடுங்கிய கண்களுமாக, பூசணி முகத்தைவிட அதுதான் உண்மையிலேயே அச்சுறுத்துகிறது. பூசணிக்காய், அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்கள் அங்கே கண்டுகொண்ட வசதி.

அயர்லாந்துத் தொடக்கப் பள்ளிகளுக்கு அக்டோபர் இறுதியில் விடுமுறை வரும். அதற்கு முந்தைய கடைசிப் பள்ளி நாளில் பிள்ளைகள் சீருடையை விட்டு வேடமணிந்து வருவது வழக்கம். தண்ணீரில் மிதக்கும் ஆப்பிளைக் கைபடாமல் வாயால் கவ்வும் விளையாட்டும் உண்டு. பார்ம்பிராக் என்ற உலர்திராட்சை ரொட்டிக்குள் ஒரு மோதிரம் ஒளிந்திருக்கும். அது யாருடைய துண்டில் வருகிறதோ, அவருக்குத்தான் முதலில் கல்யாணம்!

இந்தக் கொண்டாட்டத்தைப் பற்றி எழுதும்போது 'ஹாலோவீன்' என்ற பெயரே போதும். சொல்லின் பொருளைத் தமிழில் தரவேண்டுமானால் 'புனிதர் அனைவர் திருவிழிப்பு' என்பேன். ஈஸ்டருக்கு முந்தைய இரவு வழிபாட்டுக்கு 'பாஸ்கா திருவிழிப்பு' என்று கத்தோலிக்கத் தமிழில் ஏற்கெனவே புழங்கும் சொல் அது. நாம் புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை. இதைக் கல்லறைத் திருநாளோடு மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கல்லறைகளைக் கழுவிப் பூமாலை சாத்தி, மெழுகுவத்தி ஏற்றும் அந்த நாள் நவம்பர் 2.