விடியற்காலை மூன்று மணிக்கு ஓடும் தண்ணீர்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக்கு வரும் தண்ணீரில் பாதிக்கும் மேல் எந்த ரசீதிலும் ஏறுவதில்லை. மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ், இனாண்டா என்று உம்ங்கேனி ஆற்றை அடுத்தடுத்து மறித்துத் தேக்கி, சுத்திகரித்து, மேட்டுத் தொட்டிகளுக்கு ஏற்றிய தண்ணீர் அது. கொஞ்சம் திருட்டு இணைப்பில் போகிறது, கொஞ்சம் பழுதான மீட்டர்களில் கணக்கில்லாமல் போகிறது, மற்றது மண்ணுக்குள் கசிகிறது. மண்ணுக்குள் போவதை எப்படி அளப்பது? மாநகராட்சியின் நீர்ப் பகுப்பாய்வாளர் அதற்கு ஊர் தூங்கும் நேரத்தைத்தான் பார்ப்பார்.

முதலில் வால்வுகளை அடைத்து நகரத்தைச் சிறு வட்டாரங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தண்ணீர் ஒரே வழியில், ஒரே பெரிய மீட்டர் வழியாகத்தான் நுழைய வேண்டும். அந்த மீட்டர் கால் மணி நேரத்துக்கு ஒரு முறை ஓட்டத்தைப் பதிவு செய்யும். காலையில் குளியல், சமையல் என்று கோடு ஏறும்; மாலையில் மறுபடி ஏறும். இரவு இரண்டிலிருந்து நான்கு மணிக்குள் அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த அடிமட்டம்தான் முக்கியம்.

சாட்ஸ்வர்த் மாதிரி ஒரு பகுதியில் 2,000 வீடுகள், 10,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். தென்னாப்பிரிக்காவில் வழக்கமாகப் போடும் கணக்குப்படி, அந்நேரத்தில் மணிக்கு 6 சதவீதம் பேர் எழுந்து கழிவறை போவார்கள்; ஆளுக்கு 10 லிட்டர். அதாவது மணிக்கு 6 கிலோலிட்டர். மீட்டரோ 40 காட்டுகிறது. சரி, மிச்சம் 34 எங்கே போகிறது? ஆலை, மருத்துவமனை என்று இரவில் தண்ணீர் எடுக்கும் இடம் எதுவும் இல்லையென்றால் அத்தனையும் ஒழுக்குதான். இதை 24 ஆல் பெருக்கி ஒரு நாள் கணக்கு போடக்கூடாது. பகலில் எல்லோரும் குழாய் திறப்பதால் அழுத்தம் குறையும், ஒழுக்கும் குறையும். அதனால் சுமார் 20 ஆல் பெருக்குவார்கள்: நாளைக்கு 680 கிலோலிட்டர். ஏழைக் குடும்பங்களுக்கு அரசு இலவசமாகத் தர வேண்டிய அடிப்படை அளவு மாதம் 6 கிலோலிட்டர். ஒரே நாள் ஒழுக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்களின் ஒரு மாதப் பங்கு போய்விடுகிறது. எனக்கு ஆறவே மாட்டாத கணக்கு இது.

எந்த இரவை எடுப்பது என்பதற்கு ஊர் தெரிந்திருக்க வேண்டும். தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளிக்க மூன்றரை மணிக்கே வீடுகளில் விளக்கெரியும். ரமலான் மாதத்தில் சஹருக்கு எழுவார்கள். அந்த நாள்களின் எண்ணை வைத்துக் குழாய் உடைந்துவிட்டது என்று ஆள் அனுப்பினால் வீண் அலைச்சல்தான்.

டர்பன் மேடும் பள்ளமுமான ஊர். தொட்டி மேட்டில் இருக்கும். வீடு பத்து மீட்டர் கீழே இறங்க இறங்க அழுத்தம் ஒவ்வொரு பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) கூடும். பள்ளத்தில் இருப்பவர்களின் குழாய்தான் அதிகம் அடிவாங்கும். இரும்புக் குழாயில் விழுந்த சிறு ஓட்டை விரியாது; அழுத்தம் நான்கு மடங்கானால் ஒழுக்கு இரண்டு மடங்குதான் ஆகும். பிளாஸ்டிக் குழாயில் நீளமாக விழுந்த வெடிப்பு அப்படியல்ல. அழுத்தம் கூடும்போது அதன் வாயும் திறக்கும், அதே நான்கு மடங்குக்கு எட்டு மடங்கு வரை ஒழுகும். மொத்த வட்டாரத்துக்குச் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய நேர் விகிதம். ஆறு பாரை நான்காகக் குறைத்தால் ஒழுக்கில் மூன்றில் ஒரு பங்கு அன்றைக்கே நின்றுவிடும், ஒரு குழி கூடத் தோண்டாமல். கேப் டவுனில் கயேலிட்ஷாவுக்குப் போகும் தண்ணீரின் அழுத்தத்தை 2001 இல் இப்படித்தான் குறைத்தார்கள். அங்கே ஒழுக்கில் பெரும்பகுதி வீட்டுக்குள்ளேயே, அழுத்தம் தாங்காமல் கெட்டுப்போன குழாய்களிலும் கழிவறைத் தொட்டிகளிலும் இருந்தது.

ஒழுக்கு எந்தத் தெருவில் என்று கண்டுபிடிப்பதும் இரவு வேலைதான். வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போவார்கள். எதை மூடியதும் ஓட்டம் சட்டென்று விழுகிறதோ, அந்தத் துண்டில்தான் ஓட்டை. அப்புறம் அதன் இரு முனையிலும் ஒலியுணரி வைப்பார்கள். தண்ணீர் பீறிடும் இரைச்சல் எந்த முனைக்கு எவ்வளவு முந்தி வந்தது என்பதிலிருந்து தூரம் கிடைத்துவிடும். பிளாஸ்டிக் குழாய் ஒலியை விழுங்கும் என்பதால் அங்கே உணரிகளை நெருக்கி வைக்க வேண்டும்.

இந்த முறையையே கெடுப்பது இரவில் தண்ணீரை நிறுத்துவது. தட்டுப்பாடு வந்தால் மாநகராட்சிகள் முதலில் கைவைப்பது அதில்தான். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே உள்ள டொங்காட்டின் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகிப் பல மாதம் குழாய் வறண்டு கிடந்ததைப் பார்த்தவர்கள் வாசலில் ஜோஜோ டேங்க் என்னும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி வைக்காமல் இருப்பார்களா? தண்ணீர் திரும்பியதும் அத்தனை டேங்கும் இரவோடு இரவாக நிரம்புகிறது. ஒழுக்கையும் டேங்கையும் மீட்டரால் பிரித்துச் சொல்ல முடியாது. காலியான குழாய்க்குள் தண்ணீர் பாயும்போது உள்ளே அடைபட்ட காற்று அதிர்ச்சி கொடுத்துப் புதிய வெடிப்புகளையும் உண்டாக்கும். இரவு நிறுத்தத்தைவிட அழுத்தத்தைக் குறைத்து இடைவிடாமல் விடுவதே நல்லது என்பேன்.

வீட்டிலும் இதைச் செய்யலாம். படுக்கப் போகும்முன் மீட்டரில் கடைசிச் சிவப்பு எண்களைக் குறித்துவையுங்கள். யாரும் குழாய் திறக்காத இரவில் காலையில் அது நகர்ந்திருந்தால் உங்கள் வீட்டில் ஒழுக்கு உண்டு. கழிவறைத் தொட்டியில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். கீழே நிறம் இறங்கினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கிறது.