ஜோடியின் சமச்சீரை அறிவிக்கும் முன் மாதிரியின் வெப்பநிலையைக் கேளுங்கள்

மீக்கடத்தியில் (மின்தடையின்றி மின்சாரம் கடத்தும் பொருளில்) எலக்ட்ரான்கள் ஜோடி சேர்கின்றன என்று படித்துவிட்டு எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வரும் தொடக்கக்கல்லூரி மாணவர்கள், அந்த ஜோடியின் சமச்சீரை, அதாவது அது எந்த வடிவில் அமைந்துள்ளது என்பதை, எப்படி அறிகிறீர்கள் என்று கேட்பதுண்டு. அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உள்ளது: அளந்த கணத்தில் மாதிரி உண்மையிலேயே மீக்கடத்தியாக இருந்ததா?

ஸ்ட்ரான்சியம் ருத்தனேட் 1.5 கெல்வினுக்குக் கீழே மீக்கடத்தியாகிறது. ஜோடியிலுள்ள தற்சுழற்சிகள் (எலக்ட்ரான்களைச் சிறு காந்தங்களாக்கும் பண்பு) எதிரெதிராக அமைந்தால் அங்கே நைட் பெயர்ச்சி (எலக்ட்ரான்களின் காந்தத்தால் அணுக்கருவின் ஒத்ததிர்வு அதிர்வெண் நகரும் அளவு) குறைய வேண்டும். 1998இல் வெளியான அணுக்கரு காந்த ஒத்ததிர்வு அளவீட்டில் (ரேடியோ துடிப்பு செலுத்தி அணுக்கருக்களை ஆராயும் முறை) அது குறையவில்லை. ஆகவே இது அரிய மும்மைத் தற்சுழற்சி நிலை (தற்சுழற்சிகள் இணையாக அமைவது) என்று துறையில் பெரும்பாலோர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நம்பினர். 2019இல் கலிஃபோர்னியாவின் ஸ்டூவர்ட் பிரவுன் குழுவினர் ரேடியோ துடிப்பின் ஆற்றலைக் குறைத்து அளந்தபோது, பெயர்ச்சி தெளிவாக இறங்கியது. வெப்பமானி காட்டியது குளிர்கலத்தின் வெப்பநிலையைத்தான். மாதிரியோ துடிப்பு பட்டதும் சூடேறி, மீக்கடத்தும் தன்மையை இழந்து, பிறகே குளிர்ந்துகொண்டிருந்தது. முதல் அளவீட்டைச் செய்த ஜப்பானிய ஆய்வாளர்களே மறு ஆண்டு திரும்ப அளந்து இந்த இறக்கத்தை உறுதிசெய்தனர். அந்த நேர்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

தாமிர ஆக்சைடு மீக்கடத்திகளில் இவ்வளவு தடுமாற்றம் நேராததற்குக் காரணம், அங்கே ஜோடியின் அளவை மட்டுமின்றி அதன் குறியையும் (கூட்டலா, கழித்தலா என்பதையும்) சோதிக்க முடிந்ததே. டி அலைச் சமச்சீரில் (நான்கு இதழ் போன்ற வடிவம்) 90 பாகை திரும்பினால் குறி மாறும். 1994இல் சூய், கர்ட்லி ஆகியோர் மூன்று படிகங்கள் சந்திக்கும் புள்ளியைச் சுற்றி இட்ரியம் பேரியம் தாமிர ஆக்சைடு வளையம் அமைத்து, அதில் தானாகவே அரைக் காந்தப்பாயக் குவாண்டம் (காந்தப்பாயத்தின் அடிப்படை அலகில் பாதி) தோன்றுவதை ஸ்க்விட் நுண்ணோக்கியில் (மிக நுண்ணிய காந்தப்புலத்தைக் காட்டும் கருவி) கண்டனர். குறி மாற்றத்துக்கு, மாசுகளாலோ வெப்பத்தாலோ எளிதில் போலி செய்ய முடியாத அடையாளம் அது.

முனைத் தொடர்பு நிறமாலையில் (கூர்முனையால் மாதிரியைத் தொட்டு மின்னோட்டத்தை அளக்கும் முறை) போலிகள் எளிதாக வந்துவிடும். தொடர்பு வழியே பாயும் மின்னோட்டம் மாறுநிலை அளவைத் தாண்டினாலே வரைபடத்தில் பள்ளங்கள் தோன்றும். அவற்றை ஆற்றல் இடைவெளியின் (ஜோடியைப் பிரிக்கத் தேவையான ஆற்றலின்) அடையாளமாக வாசித்துவிடக் கூடாது. சிங்கப்பூரின் ஈரக்காற்று இன்னொரு தொல்லை. திரவ நைட்ரஜனிலிருந்து எடுத்த மாதிரித் தாங்கியை உடனே திறந்தால், படிகத்தின்மேல் நீர் முத்து முத்தாகக் கோத்துக்கொள்ளும். இட்ரியம் சேர்மம் நீரோடு வினைபுரிந்து மேற்பரப்பு கெடும். அறை வெப்பநிலைக்கு வரும்வரை வறண்ட நைட்ரஜன் வாயுவிலேயே வைத்திருங்கள், மாணவர்களே.

2019இல் கண்டறியப்பட்ட நிக்கலேட் (நிக்கல் ஆக்சைடு) மீக்கடத்திப் படலங்களை இப்போது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் வளர்த்து ஆராய்கிறார்கள். அவற்றில் காந்த ஊடுருவல் ஆழத்தை (காந்தப்புலம் மீக்கடத்திக்குள் நுழையும் தூரத்தை) வைத்துச் சமச்சீரை ஊகிக்கும்போது, படலத்திலுள்ள நியோடிமியத்தின் சொந்தக் காந்தத் திருப்புத்திறனும் அளவீட்டில் கலந்துவிடுகிறது. அதனால் நியோடிமியத்துக்குப் பதிலாகக் காந்தத் திருப்புத்திறன் இல்லாத லாந்தனம் கொண்ட படலத்திலும் அதே அளவீட்டைச் செய்து, இரண்டு வளைவுகளையும் ஒரே தாளில் வரைந்து பார்த்த பிறகே சமச்சீரைப் பற்றிப் பேசத் தொடங்க வேண்டும்.