கீரைக்கட்டில் எத்தனை யூனிட்?

அடைத்த அறைக்குள் அடுக்கடுக்கான தட்டுகளில் விளக்கொளியில் பயிர் வளர்க்கும் செங்குத்துப் பண்ணையைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் படமெடுப்பது அதன் வெளிச்சத்தைத்தான். கூரை வரை அடுக்கப்பட்ட தட்டுகளையும் அவற்றின் மேல் பரவிக் கிடக்கும் ஊதா கலந்த இளஞ்சிவப்பு ஒளியையும் கைப்பேசியில் பிடித்து முடித்த பிறகே பயிரைக் குனிந்து பார்ப்பார்கள். நெதர்லாந்தில் இத்தகைய பண்ணை ஒன்றில் சில ஆண்டுகள் பயிர் வளர்ப்புப் பொறுப்பில் இருந்த நான், வந்தவர்களை அந்த அறையிலிருந்து பின்கட்டுக்கு அழைத்துச் சென்று மின்மீட்டரைக் காட்டுவதை வழக்கமாக வைத்திருந்தேன். அதைப் படமெடுத்தவர் எவரும் இல்லை.

நிலமே வேண்டாம், தண்ணீர் பத்தில் ஒரு பங்கு போதும், எதிர்கால உணவு இங்கேதான் விளையப்போகிறது என்ற செய்திகளைப் படித்துவிட்டு, தோட்டக்கலைப் பட்டம் முடித்த இளைஞர்களும் கையில் கொஞ்சம் முதல் சேர்த்தவர்களும் எனக்கு எழுதுகிறார்கள். அந்தச் செய்திகளில் நேரடியான பொய் அதிகமில்லை; சொல்லாமல் விட்டவைதான் அதிகம். அவற்றுள் முதன்மையானது மின்சாரக் கணக்கு என்பதால், மற்றவற்றைச் சுருக்கி அதை மட்டும் விரித்து எழுதுகிறேன்.

வளர்ப்பு முறையைச் சொல்வது எளிது. பஞ்சு போன்ற ஊடகத்தில் விதையூன்றி, முளைத்த நாற்றைத் தட்டுக்கு மாற்றி, வேரில் உரம் கரைத்த நீரை ஓடவிட்டு, இலைக்கு மேலே அரை முழ உயரத்தில் எல்இடி விளக்கை எரியவிட்டு, காற்றில் கரியமில வாயுவைச் சற்றுக் கூட்டி வைத்தால், லெட்டூஸ் கீரை ஐந்தாறு வாரங்களில் அறுவடைக்கு வந்துவிடும். அறை அடைத்த அறையாகவும் சுத்தமாகவும் இருக்கும்வரை பூச்சிமருந்துக்கு வேலையில்லை. இலைகள் வெளிவிடும் நீராவியைக் குளிர்விப்பான் பிடித்துத் தொட்டிக்கே திருப்பி அனுப்புவதால், கீரையோடு வெளியேறும் நீரும் கழுவும் நீரும் மட்டுமே செலவாகின்றன. தண்ணீர்ச் சிக்கனம் பற்றிச் சொல்லப்படுவது பெரும்பாலும் உண்மைதான்.

இந்த முறை ஐரோப்பாவில் வேர்விட்டதற்கு வலுவான காரணங்கள் உண்டு. வடக்கு ஐரோப்பாவில் டிசம்பர் மாதச் சூரிய ஒளி, ஜூன் மாதத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஆகவே குளிர்காலத்தில் லண்டன், பெர்லின் கடைகளுக்கு வரும் பச்சைக் கீரையில் பெரும்பங்கு, ஸ்பெயினின் தென்கிழக்கிலுள்ள முர்சியா வட்டாரத்திலிருந்து லாரியில் ஏறி வருகிறது. 2017 தொடக்கத்தில் அங்கே பனியும் வெள்ளமும் பயிரை அழித்தபோது, பிரிட்டனின் பெரிய அங்காடிகள் ஆளுக்கு மூன்று லெட்டூஸுக்கு மேல் தர மறுத்தன. தண்ணீரின் கதை இதைவிடக் கடுமையானது. முர்சியாவின் வயல்கள் தாகஸ் ஆற்றிலிருந்து நீண்ட தொலைவு கொண்டுவரப்படும் கால்வாய் நீரை நம்பியிருப்பவை. அவ்வயல்களிலிருந்து வழிந்த நைட்ரேட் உரம் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து, பக்கத்திலுள்ள மார் மெனோர் உப்பங்கழியில் ஆக்சிஜன் அற்றுப்போனதால், 2019 அக்டோபரில் மீன்களும் இறால்களும் கரையில் வந்து குவிந்து செத்தன. அந்தக் காட்சியைப் பார்த்த ஒருவர், உரநீர் ஒரு சொட்டுக்கூட வெளியேறாத பண்ணையைக் கனவு கண்டதில் தவறேதும் இல்லை. நானும் அப்படித்தான் இத்துறைக்குள் வந்தேன்.

கனவைச் செயலாக்கக் கருவியும் அப்போது கைக்கு வந்திருந்தது. நீல எல்இடியைக் கண்டுபிடித்த மூன்று ஜப்பானிய அறிவியலாளர்களுக்கு 2014-இல் நோபல் பரிசு கிடைத்த காலத்தில், செடிக்குத் தேவையான சிவப்பையும் நீலத்தையும் மட்டும் தரும் விளக்குகள் மலிவாகத் தொடங்கியிருந்தன. பிலிப்ஸ் நிறுவனம் 2015-இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் இதற்கென ஓர் ஆய்வுக்கூடத்தையே திறந்தது. லண்டனின் கிளாப்பம் பகுதியில், இரண்டாம் உலகப்போர்க் காலப் பதுங்கு சுரங்கத்தில், தரைக்கு 33 மீட்டர் கீழே கீரை முளைத்தது. 2013-இல் பெர்லினில் தொடங்கிய இன்ஃபார்ம், அங்காடிக்குள்ளேயே கண்ணாடி அலமாரிகளை வைத்து, வாங்குபவர் கண்ணெதிரில் திருநீற்றுப்பச்சையும் கொத்தமல்லியும் வளர்த்தது. இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப்பில் ஜோன்ஸ் ஃபுட் கம்பெனி 2018-இல் ஒரு பெரும் கூடத்தைக் கட்டியது. டென்மார்க்கில் கோபன்ஹேகனை ஒட்டிய டாஸ்ட்ரப்பில் 2020 இறுதியில் தொடங்கிய நார்டிக் ஹார்வெஸ்ட், 14 அடுக்குகளில் காற்றாலை மின்சாரத்தைக் கொண்டு ஆண்டுக்கு ஆயிரம் டன் விளைவிக்கப்போவதாக அறிவித்தது. வட்டி ஏறத்தாழப் பூஜ்யமாக இருந்த ஆண்டுகள் அவை. முதலீட்டாளர்களின் பணம் தண்ணீராய்ப் பாய்ந்தது.

இனி மின்மீட்டருக்கு வருகிறேன். நம்மூரில் யூனிட் என்று சொல்வதும் ஒரு கிலோவாட் மணி என்பதும் ஒன்றுதான். யூனிட் என்றே எழுதுகிறேன். லெட்டூஸுக்குத் தேவையான ஒளியை இன்றைய நல்ல எல்இடியால் கொடுக்க, ஒரு சதுர மீட்டர் தட்டுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1.4 யூனிட் செலவாகும். கைதேர்ந்தவர்கள் நடத்தும் பண்ணையில் அந்தச் சதுர மீட்டர் நாளொன்றுக்கு இருநூறு கிராம் கீரை தருவதாக வைத்துக்கொண்டால், ஒரு கிலோ கீரைக்கு விளக்குச் செலவு மட்டும் 7 யூனிட். ஆனால் விளக்கு உண்ணும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் வெப்பமாக அறைக்குள்ளேயே தங்கிவிடும் என்பதால், வெளியே பனி கொட்டும் ஜனவரியிலும் உள்ளே குளிரூட்டி ஓடிக்கொண்டிருக்கும். இலை வெளிவிட்ட ஒரு லிட்டர் நீராவியைத் திரும்ப நீராக்க, சுமார் 0.68 யூனிட்டுக்கு இணையான வெப்பத்தைக் காற்றிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். இதற்கு மேல் பம்புகள், மின்விசிறிகள், கழுவிப் பொதியும் கூடம், குளிர்கிடங்கு எல்லாம் இருக்கின்றன. வளர்ப்பவர்களிடமே கேட்டுத் தொகுத்த 2021-ஆம் ஆண்டின் ஓர் உலகளாவிய கணக்கெடுப்பில், செங்குத்துப் பண்ணைகளின் சராசரி கிலோவுக்கு 38.8 யூனிட் என்றும், கண்ணாடிப் பசுமைக்குடில்களின் சராசரி 5.4 யூனிட் என்றும் பதிவாகியுள்ளது. பசுமைக்குடிலுக்கு வெளிச்சத்தில் பெரும்பங்கைச் சூரியனே இலவசமாகக் கொடுத்துவிடுகிறது.

இதே கணக்கை இன்னும் ஒரு படி நீட்டினால், உலகின் பசியைத் தீர்க்கும் என்ற பேச்சு எவ்வளவு தாங்கும் என்பதும் புரியும். ஒரு கிலோ லெட்டூஸில் 950 கிராம் தண்ணீர். செடி ஒளியைக் கொண்டு கட்டியெழுப்பியது மீதமுள்ள 50 கிராம்தான். ஒரு கிலோ கோதுமை மணியை எடுத்துக்கொண்டால், அதன் வைக்கோலையும் சேர்த்து, செடி உருவாக்க வேண்டிய உலர்பொருள் ஒன்றே முக்கால் கிலோ அளவுக்கு வரும். விளக்குச் செலவு மட்டும் 200 யூனிட்டைத் தாண்டிவிடும். அதனால்தான் இப்பண்ணைகளில் கீரையையும் வாசனை இலைகளையும் மட்டுமே பார்க்கிறோம். நெல்லையும் கோதுமையையும் சூரியனிடம் விட்டுவைப்பதே புத்திசாலித்தனம்.

பத்தாண்டு அனுபவமுள்ள விவசாயியும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: காற்று. எங்கள் பண்ணையில் ஒருமுறை மூன்றாம் அடுக்கின் மேலோடிய விசிறி வரிசை நின்றுபோயிருந்தது. வெப்பமானி சரியாகவே காட்டியது, ஈரப்பத அளவும் சரியாகவே இருந்தது, ஏனெனில் இரண்டு உணரிகளும் அறையின் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தன. ஐந்தாம் நாள் அறுவடைக்குப் போன பெண்மணிதான் ஒரு செடியைப் பிடுங்கி வந்து நடுக்குருத்தை விரித்துக் காட்டினார். வெளி இலைகள் பளபளவென்று இருக்க, உள்ளேயிருந்த கட்டைவிரல் அளவு இளங்குருத்துகளின் ஓரமெல்லாம் பழுப்பாகித் தீய்ந்திருந்தது. இது நுனிக்கருகல். இலை நீராவியை வெளிவிடும்போதுதான் வேரிலிருந்து சுண்ணாம்புச்சத்து மேலேறும். காற்றசைவு இல்லாவிட்டால் மூடிக்கிடக்கும் குருத்து நீராவியை வெளிவிடாது. தொட்டியில் எவ்வளவு கால்சியம் கரைத்திருந்தாலும் குருத்துக்கு அது எட்டாது. கடைக்காரர் அந்த அடுக்கு முழுவதையும் ஏற்க மறுத்தார். அத்தனை கீரையையும் குப்பைத்தொட்டியில் கொட்டிய அன்று, ஐந்து வாரங்களாக அதற்குள் ஏற்றியிருந்த யூனிட்டுகளைத்தான் நான் மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். வயலில் பயிர் கெட்டால் விதையும் உழைப்பும் போகும், இங்கே அவற்றோடு வாங்கிய வெயிலும் போகிறது.

அந்த வெயிலின் விலை 2022-இல் எகிறியது. ஜெர்மனியின் மொத்தவிலைச் சந்தையில் 2020-இல் யூனிட்டுக்குச் சராசரியாக 3 யூரோ சென்ட் அளவில் இருந்த மின்சாரம், உக்ரைன் போரைத் தொடர்ந்து எரிவாயு வரத்து சுருங்கியதால், 2022 ஆகஸ்டில் சராசரி 46 சென்டைத் தாண்டியது. மேலே சொன்ன சராசரியைவிடச் சிக்கனமாக நடக்கும் பண்ணை ஒன்றுக்குக் கிலோவுக்கு 15 யூனிட் என்று வைத்தால், 45 சென்டாக இருந்த மின்செலவு ஏறக்குறைய 7 யூரோ ஆகிறது. மின்கம்பிக் கட்டணமும் வரியும் தனி. அதே ஆண்டில் வட்டியும் ஏறியது. 2021 டிசம்பரில் 20 கோடி டாலர் திரட்டி, நூறு கோடி டாலருக்கு மேல் மதிப்புப் பெற்றிருந்த இன்ஃபார்ம், 2022 நவம்பரில் ஊழியர்களில் பாதிக்கும் மேலானவர்களை, ஏறத்தாழ 500 பேரை, வேலையிலிருந்து நீக்கி, அடுத்த ஆண்டில் ஐரோப்பியச் சந்தையை விட்டே விலகியது. சரக்குப் பெட்டகங்களில் ஸ்ட்ராபெரி வளர்த்த பிரான்சின் அக்ரிகூல் அதற்கு முன்பே நீதிமன்ற மேற்பார்வைக்குள் போயிருந்தது. ஸ்கன்தார்ப்பில் தொடங்கிய ஜோன்ஸ் ஃபுட் கம்பெனியும் 2025-இல் திவால் நடைமுறைக்குள் சென்றது. வீழ்ச்சிக்குப் போரை மட்டும் காரணம் காட்டுவதை நான் ஏற்பதில்லை; விலை எகிறுவதற்கு முன்பே கீரையைச் செலவுக்குக் கீழே விற்றுக்கொண்டிருந்த பண்ணைகள் பல, அந்தப் பள்ளத்தை முதலீட்டாளரின் பணம் மூடிவைத்திருந்தது.

நிலைத்திருக்க முயல்பவர்கள் மின்சாரத்தை முதலில் வைத்துத் திட்டமிடுகிறார்கள். இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் குரோஅப் பண்ணை, மரத்தை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையத்துக்குப் பக்கத்திலேயே கட்டப்பட்டது. இன்னும் சிலர் மணிக்கு மணி மாறும் சந்தை விலையைப் பார்த்து விளக்கை ஏற்றி அணைக்கிறார்கள். சூரியத் தகடுகள் பெருகியதால், ஜெர்மனியில் 2024-இல் மட்டும் 457 மணி நேரம் மொத்தவிலை பூஜ்யத்துக்குக் கீழே போனது, அதாவது மின்சாரத்தை எடுத்துக்கொள்பவருக்கே பணம் கிடைத்தது. செடிக்கு இரவும் பகலும் நாம் வைத்ததுதான் என்பதால், ஓர் எல்லை வரை இந்த இடமாற்றத்தை அது பொறுத்துக்கொள்ளும். ஆயினும் நெதர்லாந்தில் மின்வலையமைப்பே நெரிசலில் இருப்பதால், புதிய பெரிய இணைப்புக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரிடுகிறது. இடத்தை வாடகைக்குப் பிடித்துவிட்டு இணைப்புக்கு விண்ணப்பித்தவர்களின் கதைகளை நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

வாங்கி உண்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பூச்சிமருந்து இல்லாத கீரை என்பதும் இயற்கை வேளாண் கீரை என்பதும் ஐரோப்பாவில் வேறு வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018/848 எண் விதி, உயிருள்ள மண்ணில் வேரூன்றி வளர்ந்த பயிருக்கே இயற்கை வேளாண் முத்திரையை அனுமதிக்கிறது. நீரில் வளர்ந்த லெட்டூஸுக்கு அது கிடைக்காது.

வேலைக்கு வர விரும்பும் இளைஞர்கள் நேர்காணலில் தயங்காமல் கேட்க வேண்டியது, கிலோவுக்கு எத்தனை யூனிட் என்பதும், மின்சார ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு என்ன விலையில் என்பதும்தான். முதல் கேள்விக்கே பதில் வராத நிறுவனத்தில் நானும் ஒருமுறை சேர்ந்திருக்கிறேன். விசாவையும் மறந்துவிடக் கூடாது: நெதர்லாந்தில் உயர்திறன் பணியாளர் அனுமதியில் இருப்பவரின் நிறுவனம் திவாலானால், அனுமதிக் காலம் மிச்சமிருந்தாலும், வேறு அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தைத் தேடிக்கொள்ள பொதுவாக மூன்று மாதம்தான் கிடைக்கும். நிலுவைச் சம்பளத்தை யுடபிள்யூவி என்னும் அரசு அமைப்பு ஒரு வரம்பு வரை கொடுக்கும். அதற்கு நாமாகவே விண்ணப்பிக்க வேண்டும் என்பது என்னுடன் வேலை செய்த சிலருக்குத் தெரியாமலே போனது.

நான் இப்போது இருப்பது நாற்று உற்பத்தியில். ஆறு அடுக்குகள் மட்டுமே கொண்ட சிறிய அறை. இரண்டு வாரம் விளக்கொளியில் வளர்ந்த நாற்றுகள், அதன் பிறகு பக்கத்திலுள்ள கண்ணாடிக்குடிலுக்குப் போய்ச் சூரியனிடம் சேர்ந்துவிடும். ஒரு சதுர மீட்டரில் நூற்றுக்கணக்கான நாற்றுகள் நிற்பதால், இரண்டு வாரத்துக்கும் சேர்த்து ஒரு நாற்றுக்கு விழும் மின்செலவு சில்லறைக் காசுதான். இங்கே பார்வையாளர் யாரும் வருவதில்லை. மாதக் கடைசியில் கணக்காளர் மட்டும் வந்து, மீட்டரைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போகிறார்.