உருகும் ஈயம், மாறும் பொருள்

லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் கட்டைவிரல் அளவு ஈய வில்லையைப் பார்த்த வாசகர் ஒருவர், "இதைப் போய் ஏன் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டிருந்தார்.

1170 டிசம்பர் 29 அன்று பேராயர் தாமஸ் பெக்கெட் இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். 1173-இல் புனிதர் பட்டம் கிடைத்தது. அப்புறம் யாத்திரிகர்கள் குவிந்தார்கள். அவர்கள் தொப்பியில் குத்திக்கொள்ள வாங்கியவைதான் இத்தகைய வில்லைகள்.

ரசம் வைக்கிற ஈயச் சொம்பை வெறுமனே அடுப்பில் வைத்தால் உருகி ஒழுகிவிடும் இல்லையா? அது வெள்ளீயம், 232 டிகிரி செல்சியஸில் உருகும். காரீயம் உருக 327 டிகிரி வேண்டும். இரண்டையும் கலந்தால் இடைப்பட்ட ஒரு சூட்டில் உருகும் என்றுதானே தோன்றும்? வெள்ளீயம் 62 சதவீத அளவில் சேர்ந்த கலவை 183 டிகிரியிலேயே உருகிவிடுகிறது! திரவமாக இருக்கும்போது இரண்டும் நன்றாகக் கலக்கின்றன. உறையும்போதோ ஒன்றின் படிகத்தில் மற்றதற்கு அதிக இடம் இல்லை. அதனால் கலவை முடிந்தவரை திரவமாகவே நீடிக்கிறது. எனக்கு இது இன்றும் அலுக்காத அதிசயம். இத்தகைய கலவையில் வில்லை வார்க்க விறகடுப்புச் சூடே போதும். கல்லில் இடவலம் மாற்றிச் செதுக்கிய அச்சில் ஊற்றினால் புனிதரின் முகமும் பின்பக்க ஊசியும் ஒரே வார்ப்பில் வந்துவிடும். விலை மலிவு என்பதால் ஏழைகளும் வாங்கினார்கள்.

போய்வந்ததற்கு அடையாளமாக இருந்த வில்லை, பெக்கெட்டின் கல்லறையில் தொட்டு எடுத்ததும் தீமையிலிருந்து காக்கும் தாயத்தாகிவிடும். பெக்கெட்டின் ரத்தம் கலந்ததாகச் சொல்லப்பட்ட தண்ணீரைச் சிறு ஈயக் குப்பிகளில் நோய் தீர்க்கவும் கொண்டுபோனார்கள். அது எந்த நோயையும் தீர்த்திருக்காது என்பதே என் கருத்து. இத்தகைய குப்பிகள் வயல்களிலும் கிடைப்பதால், விளைச்சலுக்காக அந்த நீரைத் தெளித்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1538-இல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி அந்தக் கல்லறையை இடித்தார். வில்லையும் மூடநம்பிக்கைச் சின்னமானது.

தேம்ஸ் ஆற்றின் கரிய சேற்றில் ஆக்சிஜன் இல்லாததால், அதில் விழுந்த வில்லைகள் அரிக்கப்படாமல் தப்பின. ஒரு கூலிக்காரர் தொப்பியில் என்ன அணிந்தார் என்று இன்று இவைதான் சொல்கின்றன. தங்கக் கிரீடங்களை ஆராயக் கிடைக்கும் பணத்தில் ஒரு பங்காவது இவற்றுக்கும் ஒதுக்க வேண்டும்.

19-ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஸ்மித், சார்ல்ஸ் ஈட்டன் என்ற இருவர் இதே போன்ற ஈயப் பொருட்களைப் போலியாக வார்த்து, ஆற்றில் கிடைத்தவை என்று விற்றார்கள். இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் அவற்றிலுள்ள எழுத்துகளை எந்த மொழியிலும் வாசிக்க முடியாது. அந்தப் போலிகளும் இப்போது அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.