பூஜ்யத்துக்குத் திரும்பும் முள்: விமானிகளின் குரோனோகிராஃப் இயங்கும் விதம்

விமானிகளுக்கென உருவான இயந்திர குரோனோகிராஃப், அதாவது நிறுத்துக்கடிகாரமும் சேர்ந்த கைக்கடிகாரம் ஒன்று கையில் கிடைத்தால் அவசியம் செய்து பார்க்க வேண்டிய சோதனை ஒன்று உண்டு. மேல் பொத்தானை அழுத்தி நடுவிலுள்ள நீண்ட முள்ளை ஓடவிட்டு, 20ஆவது விநாடியில் நிறுத்திவிட்டுக் கீழ்ப் பொத்தானை அழுத்தினால், முள் வந்த வழியே பின்னோக்கிப் பாய்ந்து பூஜ்யத்தில் நிற்கும். மறுமுறை 40ஆவது விநாடியில் நிறுத்தி அதையே செய்தால், அது முன்னோக்கிச் சுழன்று அதே இடத்தை அடையும். கண்ணிமைக்கும் நேரத்தில் இது நடந்து முடிந்துவிடுவதால், கைப்பேசியில் வேகத்தைக் குறைத்துக் காணொளி எடுத்துப் பார்த்தால்தான் தெளிவாகத் தெரியும். எங்கே நின்றாலும் குறுகிய வழியை முள் தானாகவே கண்டுகொள்வது எப்படி?

விடை, அந்த முள்ளின் அச்சில் பொருத்தப்பட்டிருக்கும் இதய வடிவச் சிறு உலோகத் தகட்டில் இருக்கிறது. இதயத்தின் பள்ளம் அச்சுக்கு மிக அருகிலும், கூர்முனை மிகத் தொலைவிலும் அமைந்திருக்க, இரண்டுக்கும் இடையே விளிம்பு இருபுறமும் சீராக ஏறிச் செல்கிறது. கீழ்ப் பொத்தானை அழுத்தியதும் சுத்தியல் போன்ற ஒரு நெம்புகோல் இந்த விளிம்பின்மேல் விசையுடன் விழுகிறது. சரிவில் விழுந்த சுத்தியல் பள்ளத்தை நோக்கியே வழுக்க முடியும் என்பதால், அது தகட்டைச் சுழற்றிக்கொண்டே பள்ளத்தின் இரு மேடுகள்மேல் போய்ப் படிகிறது. அந்நிலையில் முள் சரியாகப் பூஜ்யத்தைக் காட்டும்படி முன்பே பொருத்தி வைத்திருக்கிறார்கள். அடோல்ஃப் நிக்கோல் 1844இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. அதற்கு முன், 1821இல் பாரிஸ் குதிரைப் பந்தயத்தில் நிக்கோலா ரியூசெக் சோதித்த கருவி, முகப்பின்மேல் மைப்புள்ளி இட்டு நேரத்தைப் பதிந்தது. ‘காலத்தை எழுதுவது’ என்று பொருள்படும் குரோனோகிராஃப் என்ற பெயர் அந்த மைப்புள்ளியிலிருந்து வந்ததுதான். மை போன பிறகும் பெயர் நிலைத்துவிட்டது.

ஆனால் கடினமான வேலை நிறுத்துவதில் இல்லை, தொடங்குவதில் இருக்கிறது. கடிகாரம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் ஓட்டத்தைக் கலைக்காமல் அதிலிருந்து சிறிது இயக்கத்தைக் கடன் வாங்க வேண்டும். மரபான அமைப்பில், நிமிடத்துக்கு ஒரு முறை சுழலும் சக்கரத்தோடு ஓர் இடைச்சக்கரம் எப்போதும் பொருந்திச் சுழன்றுகொண்டே இருக்கும். பொத்தானை அழுத்தியதும் அந்த இடைச்சக்கரம் சற்று நகர்ந்து, நடு முள்ளின் சக்கரத்தைக் கவ்வுகிறது. பல் பல்லோடு மோதும் அந்தக் கணத்தில் முள் லேசாகத் துள்ளக்கூடும். பற்களை மிக நுண்ணியனவாகச் செதுக்குவதன் நோக்கமே அந்தத் துள்ளலைக் குறைப்பதுதான். 1969இல் சீக்கோ வெளியிட்ட தானியங்கி குரோனோகிராஃப் வேறு வழியைக் கையாண்டது: ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த தட்டுகள் உராய்வால் பற்றிக்கொள்வதால், அதில் துள்ளலுக்கே இடமில்லை.

இந்த நெம்புகோல்களையெல்லாம் வரிசை தவறாமல் இயக்குவது தூண் சக்கரம். கோட்டைக் கொத்தளம் போல நிமிர்ந்த தூண்களைக் கொண்ட இச்சக்கரம் ஒவ்வோர் அழுத்தத்துக்கும் ஒரு படி திரும்ப, நெம்புகோலின் நுனி தூணின்மேல் ஏறி நிற்கும் அல்லது இடைவெளியில் விழும். சேகரிப்பாளர்கள் இதற்கே அதிக மதிப்புத் தருகிறார்கள்; பொத்தான் வெண்ணெய் போல இறங்கும் சுகம் அப்படி. ஆயினும், தூண் சக்கரத்துக்குப் பதிலாக, விளிம்பின் வடிவத்தாலேயே நெம்புகோல்களை நகர்த்தும் எளிய கேம் தகட்டைப் பயன்படுத்தும் வால்ஷூ 7750 போன்ற இயந்திரம் நேரத்தை அளப்பதில் எவ்வகையிலும் தாழ்ந்ததல்ல என்பதே என் உறுதியான கருத்து. அளவீட்டின் நுண்மையைத் தீர்மானிப்பது, இருபுறமும் ஊசலாடிக் கடிகாரத்தின் ஓட்டத்தைச் சீராக வைக்கும் சமநிலைச் சக்கரத்தின் துடிப்பு: மணிக்கு 28,800 துடிப்பு என்றால் முள் விநாடிக்கு 8 படி நகரும், 1969இல் வந்த செனித் எல் பிரிமேரோ இயந்திரத்தின் 36,000 துடிப்பில் 10 படி.

விமானிக்கு இவையும் போதவில்லை. தரையில் அடையாளம் எதுவும் தெரியாதபோது, ஒரே திசையில், ஒரே வேகத்தில், கணக்கிட்ட நேரம் வரை பறந்து, அக்கணமே திரும்பி அடுத்த கணக்கைத் தொடங்க வேண்டியிருந்தது. நிறுத்து, பூஜ்யமாக்கு, தொடங்கு என்ற மூன்று அழுத்தங்களுக்கு 3 விநாடி ஆகும் என்றால், மணிக்கு 360 கிலோமீட்டர் வேகத்தில் விமானம் 300 மீட்டர் கடந்துவிடும். ஆகவே ஓடிக்கொண்டிருக்கும் முள்ளை ஒரே அழுத்தத்தில் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, விரலை எடுத்ததும் மீண்டும் ஓடவைக்கும் ஃப்ளைபேக் அமைப்பு பிறந்தது. 1936இல் லாஞ்சின் நிறுவனத்தின் 13இசட்என் இயந்திரத்தில் அது இடம்பெற்றது. 1950களில் பிரெஞ்சு ராணுவம் தன் விமானிகளின் டைப் 20 கடிகாரங்களில் அது கட்டாயம் இருக்க வேண்டும் என்றது.

1952இல் பிரைட்லிங் கொண்டுவந்த நாவிடைமர் கடிகாரம், அளவுகளை நகர்த்தியே கணக்குப் போட உதவும் ஸ்லைடு ரூல் ஒன்றையும் முகப்பைச் சுற்றி வட்டமாகச் சேர்த்தது. அதிலுள்ள எண்கள் மடக்கை அளவில் அமைந்தவை. 1க்கும் 2க்கும் உள்ள இடைவெளிதான் 2க்கும் 4க்கும், 4க்கும் 8க்கும். அதனால் ஒரு வளையத்தை நகர்த்துவதே பெருக்கலாகிவிடுகிறது. மணிக்கு 150 மைல் வேகம் என்றால், வெளிவளையத்தின் 15ஐ உள்வளையத்தின் 60க்கு நேராக வைத்தால் போதும்: 20 நிமிடத்துக்கு நேரே 50 மைல் என்ற விடை வந்து நிற்கும். தசமப் புள்ளி எங்கே என்பதை மட்டும் விமானி மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இத்தனை திறமைக்கும் ஒரு விலை உண்டு. பொத்தான் ஒவ்வொன்றும் கடிகாரக் கூட்டில் போட்ட ஒரு துளை. சுழலும் வளையமும் அதனடியில் ஈரத்துக்கு இடம் தருகிறது. 1962 மே 24 அன்று அரோரா 7 விண்கலத்தில் பூமியை மூன்று முறை சுற்றிய அமெரிக்க விண்வெளி வீரர் ஸ்காட் கார்பென்டர், இரவு பகல் குழப்பம் நேராதபடி 24 மணி நேர முகப்பு கொண்ட நாவிடைமரை அணிந்திருந்தார். கலம் கடலில் இறங்கிய பின் மீட்புக் குழுவுக்காக அவர் மிதவையில் காத்திருக்க நேர்ந்தது, உப்பு நீர் கடிகாரத்தைப் பாழாக்கியது. 60 ஆண்டுகள் கழித்து, 2022இல் அந்தக் கடிகாரம் பொதுமக்கள் பார்வைக்கு வந்தபோது, அதை யாரும் பழுதுபார்த்துப் புதுப்பித்திருக்கவில்லை. அரித்துப்போன முகப்போடு, துருவும் கறையும் அப்படியே இருந்தன.