புளூபெர்ரி வாடினால் வேரைப் பாருங்கள்

மூணாறு, வட்டவடை பக்கம் வீட்டில் புளூபெர்ரி வைத்திருப்பவர்கள், இலை மஞ்சளானதும் மருந்துக்கடைக்கு ஓடிவிடக் கூடாது. பல நேரம் அது நோயே இல்லை. தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், செடிக்கு இரும்புச்சத்து எட்டவில்லை. மண்ணில் இரும்பு இருக்கும். புளிப்பு போதாமல் கரையாமல் கிடக்கும். இந்தச் செடிக்கு பிஎச் (மண்ணின் புளிப்பைக் காட்டும் அளவு; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5 முதல் 5.5 வரை வேண்டும். அமிலமண் இல்லாமல் இது தேறாது என்று அமெரிக்கத் தாவரவியலாளர் ஃபிரெடரிக் கோவில் (Frederick Coville) 1910-ல் எழுதிய பிறகுதான் காட்டுப்பழம் தோட்டப்பயிரானது.

தேயிலைக்கும் ஏறக்குறைய இதே புளிப்புதான் பிடிக்கும். ஆக, மலை மண்ணைக் குறை சொல்ல முடியாது. சிமென்ட் சுவரோரம் நடுவதும், பழக்கதோஷத்தில் சுண்ணாம்பு தூவுவதும்தான் கெடுக்கின்றன. கந்தகத்தூள் போட்டால் சரியாகும். ஆனால் மண்ணிலுள்ள பாக்டீரியா அதை அமிலமாக்க மாதக்கணக்கில் ஆகும்.

உண்மையான எமன் வேரழுகல். மண் ஈரமாக இருந்தும் செடி துவண்டால் ஓரமாகத் தோண்டி ஒரு வேரை விரலால் உருவிப் பாருங்கள். அழுகிய வேர் கறுத்திருக்கும். மேல்தோல் கழன்று கையோடு வர, உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். காரணம் ஃபைட்டோஃப்தோரா என்ற நுண்ணுயிரி. குமுளியில் மிளகுக்கொடியை வாட்டுவதும் இதே பேரினம்தான், சிற்றினம் வேறு. பூஞ்சை என்கிறோமே தவிர, இது பழுப்புக் கடற்பாசிகளுக்குத்தான் நெருங்கிய சொந்தம். இதன் வித்துகளுக்கு நீந்த இரண்டு இழைகள் உண்டு. வேரில் கசியும் சத்தை மோப்பம் பிடித்து, தேங்கிய நீரில் நீந்தி வந்து ஒட்டிக்கொள்ளும். புளூபெர்ரி வேரோ மண்ணின் மேல்பரப்பிலேயே படர்வது, வேர்த்தூவிகூட இல்லாதது. தென்மேற்குப் பருவமழையில் தூரில் தண்ணீர் நின்றால் கதை முடிந்தது. மேட்டுப்பாத்தி கட்டித்தான் நட வேண்டும். தொட்டி என்றால் அடித்துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடியில் தட்டு வைக்கவே வேண்டாம்.

மிளகுக்கு ஊற்றுகிற போர்டோ கலவையை இதன் தூரில் ஊற்றிவிடாதீர்கள். மயில்துத்தத்துக்குச் சரிசமமாக அதில் சுண்ணாம்பு இருக்கிறது; வேரைக் காப்பாற்றப் போய் மண்ணைக் கெடுப்பானேன்? முற்றிலும் வாடிய செடியை மண்ணோடு அள்ளி அகற்றுங்கள், அப்புறம் மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த செடிக்குப் போகாதீர்கள்.

மற்றவை சில்லறைத் தொல்லைகள். இலையடியில் ஆரஞ்சுப்பொடி தெரிந்தால் துரு நோய். உதிர்ந்த இலைகளைக் கூட்டி எரிக்கலாம். சாரல் விடாமல் அடிக்கும்போது பூக்களில் சாம்பல்பூசணம் பிடிக்கும். அதற்கு நெருக்கமான கிளைகளைக் கழித்துக் காற்று போக வழிவிட்டாலே பாதி அடங்கும்.